மண்கோட்டை யாத்திரை

வண்ணார்பேட்டையில் நின்றுகொண்டு கோட்டைகளைப் பற்றிச் சிந்திப்பவர்கள் இன்று அரிதாகத்தான் இருப்பார்கள். மேம்பாலத்தின் கீழே ஓயாத வாகன இரைச்சலும், வரிசை வரிசையான ஜவுளி மாளிகைகளும், வெளியூர்ப் பேருந்துக்குப் பெட்டியும் பையுமாகக் காத்து நிற்கும் ஜனங்களும், சற்றுத் தள்ளி ஆற்றோரத்தில் பேராத்துச் செல்வி அம்மன் சந்நிதியுமாக இவ்வூர் தன் நித்திய ஜீவிதத்தில் ஆழ்ந்து கிடக்கிறது. ஆயினும் தென்பாண்டி நாட்டுப் பாளையங்களின் யுத்த சரித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் பிரயாணம் புறப்படுவதென்றால் இதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை. நடந்து போகும் தூரத்தில், கும்பினியாரின் படை தங்கியிருந்த பாளையங்கோட்டை. வடக்கே மதுரைச் சாலையில், வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு. மேற்கே சங்கரன்கோவில் சீமையில், பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். கிழக்கே தூத்துக்குடிச் சாலையில் போய் வடக்கே திரும்பினால் ஒட்டப்பிடாரமும் பாஞ்சாலங்குறிச்சியும்.

இந்த யாத்திரைக்கு நிமித்தமாக இருந்தது, வெகு தூரத்திலுள்ள வேறொரு தேசத்தின் சரித்திரம். சில காலமாகத் துருக்கிய சாம்ராஜ்யத்தின் எல்லைக் கோட்டைகளைப் பற்றி வாசித்து வந்தேன். டான்யூப் நதிக்கரையில் உள்ள பெல்கிரேடு கோட்டையை 1789-ம் வருஷம் ஆஸ்திரிய சேனாதிபதி லௌடன் முற்றுகையிட்டார். செப்டம்பர் மத்தியில் தொடங்கிய முற்றுகை அக்டோபர் 8-ம் தேதி முடிந்தது. உஸ்மான் பாஷா கோட்டையை ஒப்படைத்தார். ஒப்படைக்குமுன் ஷரத்துகள் பேசப்பட்டன, எழுதப்பட்டன, அவற்றின்படியே உள்ளிருந்த படை உயிருக்குப் பங்கமின்றி வெளியேறிச் சென்றது. மறுவருஷம் டிசம்பரில், அதே நதி கடலை நோக்கிக் கிளை பிரியும் பிரதேசத்தில், இஸ்மயில் கோட்டையை ருஷ்ய சேனாதிபதி சுவோரவ் சூழ்ந்துகொண்டு சரணாகதி கோரினார், உள்ளிருந்தோர் இணங்கவில்லை. ஏணி வைத்து மதில் ஏறிய ருஷ்யப் படை அன்று அந்நகரில் செய்த சங்காரத்தைக் கேட்டு ஐரோப்பாவே நடுங்கிற்று. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவனுக்கு அக்காலத்து முற்றுகை தருமம் இன்னதென்று விளங்கிவிடும். எதிரியின் பதுங்குகுழிகள் மதிலை நெருங்கி, அவன் பீரங்கிகள் மதிலைப் பிளந்துவிட்ட பிறகு, கோட்டையைக் கொடுப்பது அவமானம் அன்று. கொடாமலிருந்து பிடிபட்டாலோ, உள்ளே இருப்போரின் உயிர் வென்றவனுடைய கோபத்துக்கு உரியது.

பெல்கிரேடுக்குப் பத்து வருஷம் கழித்து, அதே ஐரோப்பிய யுத்த சாஸ்திரத்தில் பயின்ற ஆங்கில அதிகாரிகள் நம் கரிசல் காட்டில் வந்து கோட்டைகளை வளைத்தபோது இந்தத் தருமம் என்ன ஆயிற்று? உள்ளிருந்தவர்கள் ஏன் ஒருகாலும் ஷரத்துப் பேசிக் கோட்டையைக் கொடுக்கவில்லை? புஸ்தகத்தில் இதற்கு நேரான விடை கிடைக்கவில்லை. ஆகவே புறப்பட்டேன்.

பாளையங்கோட்டையில் கோட்டை என்று சொல்லத் தக்கது மிச்சம் சொற்பம். மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று ஊரார் வழங்கும் பழைய வாசல் கட்டடமும், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கற்சுவர்த் துண்டங்களுமே பழைய மதிலுக்குச் சாட்சி. கட்டபொம்மனின் தம்பியர் ஊமைத்துரையும் செவத்தையாவும் சிறையிருந்தது இந்தக் கோட்டையில்தான். கதையின் முற்பகுதியைப் பாஞ்சாலங்குறிச்சியில் வைத்துச் சொல்வதே பொருத்தமாதலால், இவ்விடத்தில் நடந்ததை மட்டும் இப்போது சொல்கிறேன். 1801-ம் வருஷம் பிப்ரவரி 2-ம் தேதி மாலை, படைத்தலைவர் மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளெல்லாம் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். சிறையில் வைசூரி கண்டிருந்ததால் கைதிகளின் தளைகள் தளர்த்தப்பட்டிருந்தன. வியாபாரிகள் போலவும் யாசகர் போலவும் வேஷமிட்டு வந்த பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் காவலரை மடக்கிச் சகோதரர்களை மீட்டுக்கொண்டு போய்விட்டனர். விருந்து முடியுமுன்னே சிறை காலி.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. பாளையங்கோட்டை தாமிரபரணிக்குத் தென்கரை. பாஞ்சாலங்குறிச்சியோ வடகரைச் சீமை. சிரஸ்தார் சுலோசன முதலியார் தம் பொருளைக் கொடுத்துக் கட்டுவித்த பாலம் திறக்கப்பட்டது 1843-ல். ஆகவே அன்றிரவு அவர்கள் எங்கோ ஓரிடத்தில் இருட்டில் ஆற்றில் இறங்கித்தான் அக்கரை ஏறியிருக்க வேண்டும்; ஒரு வருஷத்துக்கு மேலாகத் தளை பூண்டிருந்த கால்களோடு. தை மாதத்து ஆறு வைகாசி ஆறு அல்லவே. நாடகக்காரரும் சினிமாக்காரரும் சிறை உடைத்ததைக் காட்டினார்களேயொழிய, ஆறு கடந்ததை ஒருவரும் காட்டவில்லை.

கிழக்கே போகும் சாலை முறப்பநாட்டருகே ஆற்றைக் கடக்கிறது. அதுவரை வயலும் வாழையுமாக இருந்த பூமி, பாலம் தாண்டியதும் சட்டென்று முகம் மாறிவிடுகிறது. வல்லநாட்டு மலை, வெளிமான்களுக்குச் சரணாலயமாகிய அந்தக் குட்டை மலை, செம்மண் சரிவுகளோடு எழுகிறது. கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன் பிறந்த ஊர் வல்லநாடு என்பர். அவருக்கு அங்கே மணிமண்டபம் உண்டு. பிறகு சாலையை விட்டு வடக்கே திரும்பினால் கரிசல் தொடங்குகிறது. உளுந்தும் பாசியும் மிளகாயும் மக்காச்சோளமும் விளையும் அந்தக் கறுப்பு மண், மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது; கோடையிலோ கைவிட்டால் முழங்கை வரை போகும் வெடிப்புகளாகப் பிளந்து கிடக்கும். ஓரங்களில் பனை, எங்கு பார்த்தாலும் உடைமரமும் வேலிக்காத்தானும். இப்பிரதேசத்தில் மறைய நினைப்பவனுக்கு மலை வேண்டாம், முட்காடு போதும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். மேலே சொல்லப்போவதற்கு இதுவே ஆதாரம்.

ஒட்டப்பிடாரத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் இல்லத்தைத் தரிசித்துவிட்டுத்தான் எவரும் மேலே செல்வார்கள். அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5. மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5. சோதிடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது; ஆனாலும் இந்தத் தேதியைக் கண்டபோது சிறிது நேரம் சும்மா நின்றேன் என்பது உண்மை. அந்தத் தாக்குதலில் மாண்ட வெள்ளைக்காரரின் கல்லறைகளும் ஒட்டப்பிடாரத்திலேயே இருக்கின்றன. கப்பல் விட்டவருக்கும் கப்பலில் வந்தவர்களுக்கும் ஒரே ஊரில் நினைவுச்சின்னம்.

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று தூரத்திலிருந்தே கண்ணில் படுவது 1974-ம் வருஷம் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. நேர்த்தியான வாசல், உள்ளே சித்திரங்கள், பக்கத்தில் ஜக்கம்மாள் கோயில். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னை, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், “என்ன அண்ணாச்சி, கோட்டையப் பாக்க வந்தியளா? இது நேத்துக் கட்டுனதுல்லா. பழசு அந்தா பின்னால கெடக்கு” என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அவர் காட்டிய இடத்தில் வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்ட மேட்டு நிலம், தொல்லியல் துறையினர் அகழ்ந்து வெளிப்படுத்திய அடித்தளங்கள், முழங்காலளவுச் சுவர்கள். சிறிய இடம். இவ்வளவு சிறிய இடத்தைப் பிடிக்கவா இரண்டு படையெடுப்பு வேண்டியிருந்தது என்று எவருக்கும் முதலில் தோன்றும்.

முதல் படையெடுப்பின் காரணம் பலருக்கும் தெரிந்ததே. 1792-ம் வருஷ உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நவாபு, பாளையக்காரரிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமையைக் கும்பினியாருக்குக் கொடுத்துவிட்டார். கட்டபொம்மன் பேரில் 1798-ல் 3310 பகோடா பாக்கி நின்றது. கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராகத் தம் பின்னே வரவழைத்து, செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி கொடுத்தார். மூன்று மணி நேரம் நிற்க வைத்து விசாரித்தார். பேட்டி கலவரத்தில் முடிந்தது. வாசலில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு கூடிய விசாரணைக் கமிட்டி கட்டபொம்மன்மேல் குற்றமில்லை என்று கண்டது. ஜாக்சன் விலக்கப்பட்டு லூஷிங்டன் கலெக்டரானார். பாக்கியும் 1080 பகோடாவாகக் குறைந்திருந்தது. இவ்வளவில் சமாதானமாகப் போயிருக்கலாம். ஆனால் 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மாண்டார். மைசூரில் வேலை முடிந்த கும்பினிக்கு இப்போது தெற்கே திரும்ப அவகாசமும் ஆள்பலமும் இருந்தன.

செப்டம்பர் முதல் தேதி பானர்மனின் ஓலை வந்தது: நான்காம் தேதி பாளையங்கோட்டையில் வந்து காண வேண்டும். ஐந்தாம் தேதி படை கோட்டை முன்னே நின்றது. ராமலிங்க முதலியார் தூதராக உள்ளே போனார். சரணடைய வேண்டும் என்பது செய்தி. சரணடைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அச்செய்தியில் விடையில்லை. அக்காலத்தில் ஒருவர் எதிரியின் கூடாரத்துக்குப் போவதென்றால் முதலில் கவுல், அதாவது அபயம் அளிக்கும் பத்திரம், வேண்டும். அது கையிலிருந்தால் போகலாம், திரும்பவும் வரலாம். பெல்கிரேடில் உஸ்மான் பாஷாவுக்குக் கிடைத்ததும் ஒரு விதத்தில் கவுலே. கட்டபொம்மனுக்கு அது கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் பானர்மனின் குணதோஷம் அன்று என்பது என் அபிப்பிராயம். பாஷா மற்றொரு ராஜ்யத்தின் ஊழியர். அவரோடு ஷரத்துப் பேசலாம். பாளையக்காரரோ கும்பினியின் கணக்கில் பாக்கிதாரர். பாக்கிதாரருடன் உடன்படிக்கை எழுதுவது அவரை ராஜா என்று ஒப்புக்கொள்வதாகும். ராமநாதபுரத்தில் ஒருமுறை உயிரோடு தப்பியவர், பத்திரமில்லாமல் இரண்டாம் முறை போவாரென்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சினிமாவில் நாம் கேட்ட கர்ஜனைகளைக் காட்டிலும், எழுதப்படாமற்போன அந்த ஒரு கவுல்தான் எனக்கு இந்தச் சரித்திரத்தின் மர்மஸ்தானமாகப் படுகிறது.

அன்றைய தாக்குதல் தோல்வியுற்றது. வாசலில் நெருங்கிய ஆங்கில அதிகாரிகள் சிலர் விழுந்தனர். பாளையங்கோட்டையிலிருந்து மேலும் படைபலம் தருவிக்கப்பட்டது. சில தினங்களுக்குள் கோட்டை கும்பினியார் வசமாயிற்று. ஆனால் உள்ளே யாரும் இல்லை. இரவோடு இரவாக முட்காட்டின் வழியே எல்லோரும் போய்விட்டிருந்தனர். சிவசுப்பிரமணிய பிள்ளை மறுபடியும் பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடித்துக் கொடுக்கப்பட்ட கட்டபொம்மன், அக்டோபர் மத்தியில், கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரரைச் சாட்சிகளாக வரவழைத்து நிறுத்திய சபையின் முன்னே விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி முடித்தபின், புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது.

இரண்டாம் முற்றுகையைத்தான் நான் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன். சிறை மீண்ட சகோதரர்கள் ஊர் சேர்ந்த ஆறாம் நாளில் கோட்டை மறுபடியும் நின்றது. பின்தொடர்ந்து வந்த மெக்காலே, தரைமட்டமாக்கப்பட்டிருந்த இடத்தில் மதிலைக் கண்டு, தம்மிடமிருந்த படை போதாதென்று பின்வாங்கினார். இந்த யுத்தத்தை உடனிருந்து பார்த்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்புகளும், அவற்றைத் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் எடுத்தாண்ட கால்டுவெல் பாதிரியாரின் விவரங்களும் இல்லாவிட்டால், அந்த மதில் எப்படி இருந்ததென்று நமக்கு இன்று தெரியாது. முழுவதும் மண், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் கரிசல் மண். சுற்றிலும் முள்வேலி. உயரம் அதிகமில்லை, ஆனால் கொத்தளங்கள் நெருக்கமாகவும் சதுரமாகவும் உள்ளே குடைவாகவும் அமைந்திருந்தன. கல் மதிலில் பட்ட குண்டு கல்லை நொறுக்கும். மண் மதிலில் பட்ட குண்டு உள்ளே புதைந்து நின்றுவிடும். அப்படியும் பிளந்த இடத்தில் ஏறி வந்த சிப்பாய், உச்சியை அடைந்ததும் கீழே குடைவில் நின்றவர்களின் நீண்ட ஈட்டிகளைச் சந்திப்பான். அவன் துப்பாக்கிக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். அவர்கள் ஈட்டிக்கு அவன் நன்றாய்த் தெரிவான்.

மார்ச் 31-ம் தேதி மெக்காலே தாக்கினார். ஏறியவர்கள் ஏறிய இடத்திலேயே வீழ்ந்தனர். தாக்கிய நூற்றிருபது ஐரோப்பியரில் பாதிப்பேர்கூடக் காயமின்றித் திரும்பவில்லை. எட்டயபுரத்தார் முதலிய சில பாளையத்தார் கும்பினியின் பக்கம் நின்றும் பயனில்லை. அதன்பின் ஏறக்குறைய இரண்டு மாதம் படை கோட்டையைப் பார்த்துக்கொண்டு வெயிலில் கிடந்தது.

உள்ளே தலைவராயிருந்தவர் பேச இயலாதவர் என்பதை நினைக்கும்போதுதான் ஆச்சரியம் மிகுகிறது. ஊமைத்துரை தம் கட்டளையை எப்படி இடுவார் என்பதை வெல்ஷ் வருணித்திருக்கிறார். சிறு சிறு வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவார், அவை வெள்ளைக்காரர். பிறகு வலது கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளி, வாயால் விர்ரென்று ஓர் ஒலி எழுப்புவார். அதுவே தாக்குதலுக்கு உத்தரவு. உடனே கூட்டம் பாயும். பகைவனாக எதிரே நின்ற ஒருவன் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து, வியப்பும் மரியாதையும் கலந்து எழுதிவைத்தான் என்பதை நாம் மறக்கலாகாது. நம்மவர் எவரும் அப்போது எழுதவில்லை.

மே மாதம் கர்னல் அக்னியூ பெரும்படையோடும் கனத்த பீரங்கிகளோடும் வந்து சேர்ந்தார். மதில் ஓரிடத்தில் அகலமாகத் திறக்கும்வரை சுட்டுக்கொண்டேயிருந்து, 24-ம் தேதி ஏறிப் பிடித்தனர். அப்போதும் உள்ளிருந்தோர் வெள்ளைக்கொடி காட்டவில்லை. எஞ்சியவர்கள் கூட்டமாக மறுபுறம் வெளியேறிச் சண்டையிட்டுக்கொண்டே போனார்கள். காயப்பட்டு விழுந்த ஊமைத்துரையை, பிணங்களுக்கிடையே தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் பிரியும் தறுவாயில் அந்த மகனே கேட்டுக்கொண்டபடி, தூக்கிச் சென்றாள். எட்டயபுரத்தார் தேடி வந்தபோது, உடலை வெள்ளைத் துணியால் மூடி, வைசூரியில் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்து அவர்களை விலக்கினாள். இதுவும் வெல்ஷ் சொல்லும் கதைதான்.

இந்த மேட்டில் நின்று பார்க்கையில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பெல்கிரேடு கோட்டையின் மதிப்பு அதன் கல்லிலும் கிடங்கிலும் நதித்துறையிலும் இருந்தது. அதை விட்டால் ராஜ்யத்தின் வாசலையே விட்டதாகும். ஆகவே அதில் இருப்பவனுக்குச் சாவு அல்லது ஷரத்து என்னும் இரண்டே வழி. பாளையத்தின் மண்கோட்டைக்கு மூன்றாவது வழி உண்டு: விட்டுவிட்டுப் போவது. மண் எங்கும் போகாது. ஆட்கள் உயிரோடிருந்தால் ஆறு நாளில் மதிலை எழுப்பிக்கொள்ளலாம். நம் பக்கத்துக் கோட்டைகளின் சரித்திரம் முழுவதும் இதுவே. 1755-ல் நெற்கட்டும்செவலின் எதிரே வந்து நின்ற கர்னல் ஹெரானிடம் மதிலை உடைக்கும் பீரங்கி இல்லையென்று கண்டுகொண்ட பூலித்தேவர் பணம் கொடுக்க மறுத்தார். ஹெரான் திரும்பிப் போனார். 1767-ல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்ட கேம்பெல், மதிலைப் பிளந்தும், உள்ளிருந்தோர் கொட்டும் மழையில் வெளியேறிவிட்டதால் வெறுங்கோட்டையையே பெற்றார். சரணாகதி என்னும் சடங்குக்கே இங்கே இடமிருக்கவில்லை. கொடுப்பவனுக்குக் கவுல் தர எவனும் இல்லை. கொடுக்க வேண்டிய அவசியமும் உள்ளிருப்பவனுக்கு இல்லை.

கும்பினியாரும் இதைக் கடைசியில் புரிந்துகொண்டார்கள். அதனால்தான் இரண்டாம் முறை இடித்ததோடு நில்லாமல், கோட்டை இருந்த பூமியை ஏர்விட்டு உழுது, ஆமணக்கு விதைத்து, ஊரின் பெயரையே ஜில்லாக் கணக்குகளிலிருந்து நீக்க உத்தரவிட்டனர். கல் கோட்டையைப் பிடித்தவன் அதில் தன் கொடியை ஏற்றிக் குடியேறுவான். மண் கோட்டையைப் பிடித்தவனுக்கு மண்ணின்மேலேயே பயம். ஊமைத்துரையும் செவத்தையாவும் மருது சகோதரரோடு சேர்ந்து போராடிப் பிடிபட்டு, 1801 நவம்பர் 16-ம் தேதி இதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டனர்.

தூத்துக்குடிக்குப் போகாமல் திரும்புவதாகத்தான் இருந்தேன். ஆனால் சரணாகதியைத் தேடிப் புறப்பட்டவன் இந்த யுத்தத்தில் நடந்த சரணாகதியைப் பாராமல் வருவது முறையன்று. டச்சுக்காரர் கட்டி, அப்போது ஆங்கிலேயர் வசமிருந்த தூத்துக்குடிக் கோட்டையை 1801-ன் தொடக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சியார் பிடித்தனர். அங்கிருந்த சிப்பாய்களின் ஆயுதங்களை வாங்கிக்கொண்டு அவர்களை உயிரோடு போக விட்டனர். துறைமுக அதிகாரியாயிருந்த ஆங்கிலேயர் கைதியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் மனைவி பின்னாலேயே சென்று மன்றாடினார். ஊமைத்துரை அவரை விடுவித்து அனுப்பினார் என்று கால்டுவெல் எழுதுகிறார். ஷரத்து ஏதும் எழுதப்படவில்லை, கேட்டதும் கிடைத்தது. கோட்டை இருந்த இடத்தைக் கடற்கரையில் இன்று தேடினால் கிட்டங்கிகளும் மீன்பிடித் துறையும் உப்பு லாரிகளுமே காணக் கிடைக்கின்றன. 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளைக் கும்பினியார் இந்தத் துறையிலிருந்துதான் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள்.